தவறட்டுமே குழந்தை!

ஒரு மாலைப் பொழுதில் பங்கு மக்களின் இல்லங்களைச் சந்தித்து வந்தேன். ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கு வயதுச் சிறுமி தன் சட்டைக்குத் தானே பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். முதற் பொத்தானை இரண்டாம் துளையில் மாட்டிவிட்டாள் போலும்! கடைசிப் பொத்தானுக்குத் துளை இல்லை. குனிந்து பார்த்தாள், யோசித்தாள், எல்லாவற்றையும் கழற்றத் தொடங்கினாள். அதற்குள் தாய் விரைந்து வந்து, "சாமி வந்திருக்காங்க, இன்னும் என்னடி விளையாட்டு?" என்று கூறி நொடியில் போட்டுவிட்டார். சிறுமியின் முகம் வாடிற்று.

தாய் செய்தது உதவிதான். ஆயினும், தன் தவற்றைத் தானே கண்டு தானே திருத்தும் இன்பத்தை அக்குழந்தை இழந்தது.

இவ்வின்பத்தின் அருமையை நன்குணர்ந்தவர் இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907 ஜனவரி 6-ஆம் நாள், உரோமை நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில், அவர் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். அங்கு அவர் பயன்படுத்திய கருவிகளுள் ஒன்று, பத்துக் குழிகள் கொண்ட மரக்கட்டை. குழிக்கு ஒன்றாகப் பத்து உருளைகள். பெரிய குழியில் சிறிய உருளையை இட்டால் அது உள்ளே போய்விடும். ஆனால் இறுதியில் ஓர் உருளை இடமின்றிக் கையில் மிஞ்சும். 'நீ தவறு செய்தாய்' என்று ஆசிரியை சொல்ல வேண்டியதில்லை, கட்டையே சொல்லிவிடும். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் பாடியபோதும் கவனம் சிதறாமல், நாற்பது தடவைக்கு மேல் இதனைச் செய்ததை அம்மையார் வியப்போடு பதிவு செய்துள்ளார். உடையும் பீங்கான் தட்டுகளையும் கண்ணாடிக் குவளைகளையுமே குழந்தைகள் கையாள வேண்டும் என்றார். உடையாத பொருள் கவனத்தைக் கற்பிப்பதில்லை அன்றோ!

1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தார். உலகப் போரின் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது.

இதை எழுதும் என் மனத்தையும் ஒரு நினைவு உறுத்துகிறது. இளங்குருவாயிருந்தபோது, மறைக்கல்வி வகுப்பில் தவறான விடை கூறிய சிறுவனைக் கண்டு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. அவ்வாண்டு முழுவதும் அவன் மீண்டும் கை உயர்த்தவே இல்லை. தவறுவதை மட்டுமன்று, முயல்வதையும் அவன் நிறுத்திக்கொண்டான். தவறுக்கு அஞ்சும் பிள்ளை நாளடைவில் அதை மறைக்கக் கற்கிறது. மறைத்த தவறு திருந்துவதில்லை.

அப்படியானால் எதையும் தடுக்கலாகாதா? நெருப்பு, மின்சாரம், கிணறு, சாலை ஆகிய இவற்றில் சோதனைக்கு இடமில்லை. அங்கே உறுதியாகத் தடுப்பதே அன்பு. ஆனால் சிந்திய தண்ணீரும் கோணிய எழுத்தும் இடம் வலம் மாறிய செருப்பும் யாருக்குத் தீங்கு? தண்ணீர் சிந்தினால் அடிக்கக் கை ஓங்காமல், துடைக்க ஒரு துணியைக் கொடுங்கள். கணக்குப் பிழைத்தால் விடையைச் சொல்லிவிடாமல், "எந்த இடத்தில் மாறிற்று, பார்" என்று கேளுங்கள்.

பெற்றோரே, அடுத்த முறை உங்கள் குழந்தை பொத்தானை மாற்றிப் போட்டால், கைகளைச் சற்றே கட்டிக்கொண்டு காத்திருங்கள். இரண்டு நிமிடம் தாமதமாகும். ஆனால் தன்னம்பிக்கையுள்ள ஒரு பிள்ளை உங்கள் முன் நிமிர்ந்து நிற்கும்.