வலியில்லாத தொற்று, அடைபடும் கருக்குழாய்

சுவீடனின் தென்மேற்குக் கரையில் ஹாலண்ட் என்றொரு மாகாணம் இருக்கிறது. 2006-ல் அங்கே, உடலுறவால் பரவும் கிளமிடியா தொற்று கண்டறியப்பட்டவர்களின் எண்ணிக்கை எதிர்பாராத வகையில் கால் பங்கு குறைந்தது. மகிழ்ச்சியடைய வேண்டிய செய்திதான். ஆனால் ஆய்வகத்தில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் தட்டியது. இளைஞர்களின் பழக்கவழக்கம் இவ்வளவு சீக்கிரம் மாறிவிடுமா என்ன? தோண்டிப் பார்த்தபோது காரணம் கிடைத்தது. கிருமிக்குள் இருக்கும் சிறிய மரபணு வளையம் ஒன்றில் 377 எழுத்துகள் உதிர்ந்துபோன புதிய வகை ஒன்று பரவிக்கொண்டிருந்தது. பரவலாகப் பயன்பட்டுவந்த இரண்டு பெரிய நிறுவனங்களின் பரிசோதனைகள் சரியாக அந்த உதிர்ந்த இடத்தைத்தான் தேடின. தேடியது அகப்படாததால் ‘தொற்று இல்லை’ என்று முடிவு எழுதி அனுப்பின.

வேறு நோயாக இருந்தால் நோயாளிகளே காட்டிக்கொடுத்திருப்பார்கள். ‘முடிவு நன்றாக வந்திருக்கிறது, எனக்கு இன்னும் சரியாகவில்லையே’ என்று திரும்பி வந்திருப்பார்கள். கிளமிடியாவில் பெரும்பாலோர் அப்படி வருவதில்லை, ஏனென்றால் அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. தொற்று உள்ள பெண்களில் பத்துக்கு ஏழு பேருக்கும் மேல் அறிகுறியே இருக்காது என்கின்றன மருத்துவ நூல்கள். 2020-ம் ஆண்டில் மட்டும் உலகில் 15 முதல் 49 வயதுள்ளவர்களிடையே சுமார் 12 கோடியே 90 லட்சம் புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும் நோய் இது. அது இருப்பது தெரிந்தால்தானே மாத்திரையைக் கையில் எடுக்க முடியும்?

கிளமிடியா டிரக்கோமாடிஸ் என்பது பாக்டீரியாவின் முழுப்பெயர். கண்பார்வையைப் பறிக்கும் டிரக்கோமா நோயைத் தருவதும் இதே இனத்தின் வேறு வகைகள்தான். டிரக்கோமா இனி ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்ற நிலையை இந்தியா எட்டிவிட்டதாக 2024 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. பெண்ணின் கருப்பை வாயிலும் இந்தக் கிருமி இருக்கிறது என்பதற்கான தடயத்தைக் கொடுத்தது ஒரு பச்சிளங்குழந்தையின் கண். பிறந்த சில நாளில் கண்ணில் சீழ் வடிந்த குழந்தையின் தாயிடமிருந்து 1959-ல் லண்டனில் பேரி ஜோன்ஸும் அவருடைய சகாக்களும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்தத் தாயின் கருப்பை வாயில் அது எத்தனை காலம் குடியிருந்தது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

இந்தக் கிருமிக்கு வெளியே பெருகத் தெரியாது. நம் உயிரணுவுக்குள் புகுந்து, அங்கேயே ஒரு பைக்குள் ஒளிந்துகொண்டு பல்கி, இரண்டு மூன்று நாளில் வெளியேறி அடுத்த உயிரணுவைப் பிடிக்கிறது. உறவின்போது ஆணிடமிருந்து பெண்ணுக்கோ பெண்ணிடமிருந்து ஆணுக்கோ பரவுகிறது. கழிப்பறை இருக்கையாலோ துணியாலோ நீச்சல் குளத்தாலோ பரவுவதில்லை. கருப்பை வாயில் தங்கியிருக்கும்வரை பெரிய சேதம் இல்லை. மேலேறிக் கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் போகும்போதுதான் ஆபத்து. அங்கே கெடுதல் செய்வது கிருமி மட்டுமல்ல. அதை விரட்ட உடல் நடத்தும் போராட்டமே குழாயின் உட்சுவரில் தழும்புகளை உண்டாக்குகிறது. கருமுட்டையைக் கருப்பைக்கு நகர்த்திச் செல்லும் நுண்ணிய இழைகள் அழிந்துபோகின்றன. முழுதாக அடைபட்டால் கரு உருவாக வழியில்லை. பாதி அடைபட்டால் கரு குழாயிலேயே தங்கி வளரத் தொடங்கும். குழாய்க் கர்ப்பம் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

கிருமி இப்படி மேலேறி உண்டாக்கும் நிலையை மருத்துவர்கள் இடுப்புக்குழி அழற்சி என்பார்கள். சிகிச்சை பெறாத பெண்களில் நூற்றில் பத்து முதல் பதினைந்து பேர் அந்த நிலைக்குப் போகிறார்கள் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்கு. அடிவயிற்று வலி, காய்ச்சல், உறவின்போது உள்ளே வலி என்று சிலருக்கு அது தெரியவரும். சிலருக்குக் கல்லீரலைச் சுற்றி அழற்சி பரவி வலதுபக்க விலாவுக்கடியில் வலிக்கும். பித்தப்பைக் கல் என்று நினைத்து ஸ்கேன் எடுப்பார்கள். இன்னும் சிலருக்கு இந்தக் கட்டத்திலும் ஒன்றும் தெரியாது. திருமணமாகிச் சில வருடம் கழித்துக் குழந்தையின்மைக்கான பரிசோதனையில் ‘டியூப் பிளாக்’ என்று எழுதி வரும்போதுதான் பழைய கதை வெளிச்சத்துக்கு வரும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் கருக்குழாய் அடைப்புக்குக் காசநோயும் முக்கியமான காரணம். பிரசவத்துக்கோ கருக்கலைப்புக்கோ பிறகு வரும் தொற்றும், குடல்வால் வெடித்ததன் பின்விளைவும் காரணமாகலாம். குழாய் அடைத்திருக்கிறது என்றவுடனே ஒரு பெண்ணின் கடந்தகாலத்தைக் கிளறுவது கொடுமை மட்டுமல்ல, மருத்துவ ரீதியாகவும் தவறு.

அறிகுறி இருப்பவர்களுக்கு என்ன தெரியும்? வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், இரண்டு மாதவிடாய்க்கு இடையிலோ உறவுக்குப் பிறகோ ரத்தக்கசிவு, உறவின்போது வலி. எரிச்சல் என்றால் சிறுநீர்த் தொற்று என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம். வெள்ளைப்படுதல் என்றால் ‘உடம்புச் சூடு’ என்று ஊறவைத்த வெந்தயம் கைக்கு வருகிறது. அந்த அக்கறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உறவுக்குப் பிறகு ரத்தம் பட்டால் மட்டும் அப்படி விட்டுவிடக் கூடாது. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் அதே அறிகுறி உண்டு. ஒரே மருத்துவரிடம் இரண்டையும் பார்த்துவிடலாம்.

பரிசோதனை இன்று மிக எளிது. கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் வகைப் பரிசோதனைதான் சிறந்தது. மாதிரியை ஒரு ஸ்வாப் குச்சியால் யோனிக்குள்ளிருந்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதையும் அந்தப் பெண்ணே திரைக்குப் பின்னால் நின்று எடுத்துக்கொள்ளலாம். மருத்துவர் எடுப்பதற்கு இணையான துல்லியம் அதில் கிடைக்கிறது. கால்களை விரித்துப் படுக்க வேண்டுமே என்ற கூச்சத்தாலேயே மருத்துவமனைப் படியேறாத பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும். சிறுநீரிலும் பார்க்கலாம், ஆனால் பெண்களுக்கு ஸ்வாப்பைவிட அதில் தவறவிடும் வாய்ப்பு சற்று அதிகம். சிறுநீர் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன் ஒரு மணி நேரமாவது கழிக்காமல் இருந்து, முதலில் வரும் 20, 30 மில்லியைப் பிடிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்கு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொல்வார்களே, இது அதற்கு நேர்மாறு.

ரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் பரிசோதனையும் நம் ஆய்வகங்களில் உண்டு. எப்போதோ வந்துபோன தொற்றுக்கும் இப்போது இருக்கும் தொற்றுக்கும் உள்ள வேறுபாட்டை அது சொல்லாது. அதை மட்டும் வைத்துக்கொண்டு சிகிச்சையை முடிவு செய்வது சரியல்ல. புற்றுநோய்க்கு எடுக்கும் பாப் ஸ்மியரும் கிளமிடியாவைக் காட்டாது. பாப் ஸ்மியர் நன்றாக இருக்கிறது, அதனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. இன்னொன்று: தொற்றக்கூடிய உறவு நடந்து இரண்டு வாரத்துக்குள் பார்த்தால் முடிவு தவறாக வரக்கூடும்.

தொந்தரவு இல்லாதவர்களையும் அழைத்துப் பரிசோதித்தால் பலன் உண்டா? அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் நடந்து 1996-ல் வெளியான ஆய்வில், அப்படி அழைக்கப்பட்ட பெண்களுக்கு இடுப்புக்குழி அழற்சி வருவது ஒரு வருடத்தில் பாதிக்கும் கீழே குறைந்தது. லண்டன் மாணவிகள் சுமார் 2,500 பேரை வைத்து நடந்து 2010-ல் வெளியான ஆய்வு இவ்வளவு உற்சாகம் தரவில்லை. குறைவு இருந்தது, ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. அதே ஆய்வில் இன்னொரு கணக்கு கிடைத்தது. தொடக்கத்திலேயே கிளமிடியா இருந்தும் சிகிச்சை பெறாத மாணவிகளில் 9.5 சதவீதத்தினருக்கு அழற்சி வந்தது; சிகிச்சை பெற்றவர்களில் 1.6 சதவீதம்தான். இங்கிலாந்தில் 2003-ல் தொடங்கிய தேசியத் திட்டம் முதலில் 25 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருவரையும் பரிசோதனைக்கு அழைத்தது. நிரந்தரச் சேதம் பெண்களுக்குத்தான் என்பதால் 2021-ல் இளம்பெண்கள் பக்கம் தன் கவனத்தைத் திருப்பிக்கொண்டது. நேர்மையான மாற்றம் என்றே சொல்ல வேண்டும்.

இந்தியாவின் வழி வேறு. அரசு மருத்துவமனைகளில் அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுக்கும் முறை இருக்கிறது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்தபடி, ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு நிறத்தில் மருந்துப் பொட்டலம். கருப்பை வாய் அழற்சி என்றால் சாம்பல் நிறப் பொட்டலம், அதில் அஸித்ரோமைசினும் செஃபிக்ஸிமும். அடிவயிற்று வலி என்றால் மஞ்சள், அதில் பதினான்கு நாளுக்கு டாக்ஸிசைக்ளினும் பிறவும். ஆய்வகமே இல்லாத ஊரிலும் அன்றைக்கே மருந்து கிடைக்கிறது என்பது பெரிய நன்மை. ஆனால் அறிகுறியே இல்லாத பெண் இந்த வழிக்குள் வருவதேயில்லை. வெள்ளைப்படுதலோடு வருகிற பலருக்கோ அது கிளமிடியாவாக இருப்பதில்லை. சோதித்துப் பார்க்காமல் கொடுக்கும் மருந்து ஒருவருக்கு வீணாகிறது, வேண்டியவருக்குப் போய்ச் சேராமல் நிற்கிறது.

சிகிச்சைக்கு வருவோம். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, ஏழு நாள். முன்பு அஸித்ரோமைசின் ஒரு கிராமை ஒரே வேளையாகக் கொடுப்பது பரவலாக இருந்தது. மலக்குடலில் உள்ள கிருமியை அது சரியாக அழிப்பதில்லை என்று தெரிந்த பிறகு அமெரிக்கா 2021 முதல் டாக்ஸிசைக்ளினையே முதல் தேர்வாக வைத்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிசைக்ளின் கூடாது, அவர்களுக்கு அஸித்ரோமைசின்தான். டாக்ஸிசைக்ளினை நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுத்துவிடக் கூடாது, உணவுக்குழாய் புண்ணாகும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளோடு சேர்த்துப் போட்டால் மருந்து உடலில் சேராது. நம் பெண்களில் பலர் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள் என்பதால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். சளிக்கு வாங்குவதுபோல மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சரியாகிவிட்டது என்று நினைப்பது ஆபத்து. மருந்து கிருமியைக் கொல்லும். ஏற்கெனவே விழுந்த தழும்பை அது மாற்றாது. அதனால்தான் அடிவயிற்று வலியோடு வரும் பெண்ணுக்குச் சில நாள் தாமதம்கூட விலை அதிகம்.

கணவரோ துணைவரோ மருந்து சாப்பிடவில்லை என்றால் எல்லாம் பாழ். கடந்த 60 நாளில் உறவு கொண்டவர் யாராக இருந்தாலும் சிகிச்சை பெற வேண்டும், இருவரும் மருந்தை முடிக்கும்வரை உறவு கூடாது. மூன்று மாதம் கழித்து மறுபடியும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள், காரணம் திரும்பத் தொற்றுவது அவ்வளவு சகஜம். வீட்டில் பேச்சு இங்கேதான் முறிகிறது. ‘யாரிடமிருந்து வந்தது?’ என்ற கேள்வி வந்துவிழும். சிகிச்சை இல்லாமல் இந்தத் தொற்று ஒரு வருடத்துக்கும் மேல் உடலில் சத்தமின்றி இருக்கக்கூடியது. யார் முதலில், எப்போது என்பதற்கு எந்தப் பரிசோதனையும் பதில் சொல்லாது. இதை மருத்துவரோ ஆலோசகரோ இருவரையும் உட்காரவைத்து எடுத்துச் சொன்னால், சில வீடுகளில் அடி விழாமல் இருக்கும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உள்ள சுகவாழ்வு மையங்கள் இதற்காகவே இருக்கின்றன. 1097 என்ற இலவச எண்ணிலும் பெயர் சொல்லாமல் கேட்கலாம்.

கர்ப்பிணிகள் விஷயத்தில் செய்ய வேண்டியது நிறைய மீதி இருக்கிறது. தாய்க்குத் தொற்று இருந்தால் பிரசவத்தில் குழந்தைக்குப் பரவுகிறது. முதல் இரண்டு வாரத்துக்குள் கண் சிவந்து வீங்கும், ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் நிமோனியா வரலாம். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கு எச்ஐவி, சிபிலிஸ் பரிசோதனைகள் தவறாமல் நடக்கின்றன. கிளமிடியா அந்தப் பட்டியலில் இல்லை. காப்பர்-டி பொருத்துவதற்கு முன்பும் பார்ப்பது வழக்கமில்லை. காசநோய்க்காகப் பல மருத்துவமனைகளில் வைத்திருக்கும் சிபிநாட் இயந்திரத்திலேயே, அதற்குரிய வேறு கேட்ரிட்ஜைப் போட்டால், கிளமிடியாவையும் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். இளம் கர்ப்பிணிகளிடமிருந்தாவது இதைத் தொடங்கலாம். அவர்கள் ஏற்கெனவே மருத்துவமனை வரிசையில் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.