கார் ஓட்டுவது யார்? மாமாவும் ஒரு மஞ்சள் விளக்கும்



"நீ ஆட்டோமொபைல்தானே படிக்கிற? இந்த பட்டன் எதுக்குன்னு சொல்லு பாப்போம்" என்று சொந்தக்காரர்கள் கேட்டு, நாம் திருதிருவென்று முழித்த அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? எனக்கு உண்டு. அந்த முழிப்பு ஒரு நாள் மூன்று உயிர்களுக்கு உலை வைக்கப் பார்த்தது. அதைத்தான் இந்த மலரில் உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். கூடவே இந்தக் காலத்துக் கார்களில் வரும் ஓட்டுநர் உதவிக் கருவிகள் எப்படி வேலை செய்கின்றன, எப்போது வேலை செய்யாது என்பதையும் நமக்குத் தெரிந்த பாடத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

மாமாவின் புதுக் கார்

மேலூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் தாய்மாமா சென்ற ஆண்டு கார் வாங்கினார். இருபது வருடமாக மொபெட்டிலேயே கடைக்குப் போய் வந்தவர். பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, மீதிக்கு லோன் போட்டு, "வாங்குனா எல்லாம் உள்ள மாடலாத்தான் வாங்கணும்" என்று உயர்ந்த மாடலாகவே எடுத்தார்.

கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, வண்டி வீட்டுக்கு வந்த அன்றே என்னை உட்கார வைத்து விளக்கம் சொன்னார். "மாப்ளே, இது சும்மா கார் இல்ல. முன்னாடி ஏதாவது வந்தா தானா பிரேக் போடும். கோட்டைத் தாண்டுனா தானா ஸ்டியரிங்கைத் திருப்பும். நாம சும்மா உக்காந்திருந்தாப் போதும்!" ஷோரூமில் சொன்னதை அப்படியே சொல்கிறார் என்று புரிந்தது. நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டேன்.

அந்த மழை இரவு

ஐப்பசி மாதம். திருச்சியில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு மாமா, அத்தை, நான் மூவரும் மதுரை ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தோம். விராலிமலை தாண்டும்வரை தூறல்தான். துவரங்குறிச்சி தாண்டியதும் பிடித்தது பாருங்கள் மழை! வைப்பர் முழு வேகத்தில் ஓடியும் கண்ணாடியில் தண்ணீர் நிற்கிறது.

அப்போது "டிங்" என்று ஒரு சத்தம். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி ஓடி மறைந்தது. "என்னங்க அது?" என்று அத்தை கேட்டார். "மழைக்கு அப்படித்தான் வரும், நீ சும்மா இரு" என்று மாமா பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

நண்பர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த விளக்கை நானும் பார்த்தேன். அதன் அர்த்தம் எனக்கும் தெரியவில்லை. மூன்றாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன் "எனக்குத் தெரியல மாமா, கொஞ்சம் ஓரமா நிறுத்திப் பாப்போம்" என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

பத்து நிமிடம் போயிருக்கும். எழுபது கிலோமீட்டர் வேகம். திடீரென்று முன்னால் ஒரு கறுப்பு மலை! வைக்கோல் ஏற்றிய டிராக்டர் டிரெய்லர். பாதி ரோட்டிலும் பாதி ஓரத்திலுமாக நிற்கிறது. பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லை.

மாமா பார்த்துவிட்டார். ஆனால் உடனே பிரேக்கை மிதிக்கவில்லை! கார் தானாக நிற்கும் என்று ஒரு கணம் காத்திருந்தார். கார் நிற்கவில்லை. பிறகு பதறி மிதித்தார். பெடல் காலடியில் கடகடவென்று அதிர்ந்தது. "ஐயோ, பிரேக் போச்சு!" என்று காலை எடுத்துவிட்டார். அது எனக்குத் தெரிந்த விஷயம். "எடுக்காதீங்க மாமா! நல்லா அமுக்கி வலது பக்கம் ஒடிங்க!" என்று கத்தினேன். மறுபடி மிதித்து ஒடித்தார். பின்னால் வண்டி எதுவும் வராதது எங்கள் நல்ல காலம். இடது பக்கக் கண்ணாடி வைக்கோலில் உரசி மடங்கியதோடு தப்பித்தோம். கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்தியபோது மாமாவின் கை நடுங்கியது. அத்தை "அழகரப்பா, அழகரப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீடு வந்த பிறகு மாமா மெதுவாகச் சொன்னார். "வண்டி போட்டுரும்னு நெனச்சேன் மாப்ளே."

மறுநாள் காலை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் டேஷ்போர்டு பெட்டிக்குள் கிடந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். அந்த மஞ்சள் விளக்குக்கு அர்த்தம் இதுதான்: "கேமரா மறைக்கப்பட்டுள்ளது. தானியங்கி பிரேக் தற்காலிகமாக இயங்காது." கார் எங்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது! நாங்கள்தான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தோம்.

உதவியாளர்கள் யார் யார்?

இந்தக் கருவிகளுக்கு மூன்று விதமான புலன்கள் உண்டு.

முதலாவது கேமரா. உள்கண்ணாடிக்குப் பின்னால், முன்புறக் கண்ணாடியை ஒட்டி இருக்கும். ரோட்டுக் கோடு, வண்டி, ஆள் இவற்றை உருவத்தை வைத்து அடையாளம் காணும். நம் கண்ணைப் போலவே மழை, மூடுபனி, எதிர்வெயில், அழுக்குக் கண்ணாடி எல்லாம் இதற்கும் எதிரிகள். கோடு அழிந்த ரோட்டில் பாதை காக்கும் வசதி வேலை செய்யாது.

இரண்டாவது ரேடார். பெரும்பாலும் முன் கிரில் அல்லது பம்பருக்குள் இருக்கும். இன்று முன்பக்க ரேடார்களில் பரவலாகப் பயன்படுவது 77 கிகா ஹெர்ட்ஸ் அலை. ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் ஒலி கீச்சென்றும், கடந்த பிறகு தணிந்தும் கேட்கிறதே, அதே டாப்ளர் விளைவை வைத்துத்தான் முன்னால் போகும் வண்டியின் வேகத்தை இது கணக்கிடுகிறது. மழையில் கேமராவைவிட இது தேவலை. ஆனால் ரோட்டில் அசையாமல் நிற்பவை ஏராளம்: பாலம், பலகை, தடுப்புக் கம்பி. இவை ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஓடாது. அதனால் வேகமாகப் போகும்போது அசையாப் பொருள்களின் எதிரொலியைப் பல கார்கள் தள்ளிவிடும். நின்றுகொண்டிருக்கும் டிரெய்லர் ஏன் ஆபத்தானது என்று இப்போது புரிகிறதா?

மூன்றாவது, பம்பரில் பொட்டுப் பொட்டாகத் தெரியும் மீயொலி சென்சார். வௌவால் முறைதான். ஒலி போய்த் திரும்ப 6 மில்லி செகண்ட் ஆனால், 340 × 0.006 ÷ 2 = ஏறத்தாழ 1 மீட்டர் தூரம். ரிவர்ஸ் எடுக்க உதவும்.

ஏ.பி.எஸ். என்பது இவற்றுக்கெல்லாம் அண்ணன். 1978-ல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் எஸ் வகுப்புக் காரில் வந்தது. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு வேக சென்சார். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால் வால்வு அழுத்தத்தை விட்டு விட்டுக் கொடுக்கும், ஒரு செகண்டில் பல தடவை. அதுதான் அந்தக் கடகட அதிர்வு. பூட்டிய சக்கரத்தால் வண்டியைத் திருப்ப முடியாது. உருளும் சக்கரத்தால் முடியும். அன்று மாமாவால் ஒடிக்க முடிந்தது இதனால்தான்.

என் தாத்தா அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். ஈரத்தில் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கச் சொல்லிக் கொடுப்பார். அந்தக் காருக்கு அது சரி. ஏ.பி.எஸ். உள்ள காரில் அது தவறு; அழுத்தி மிதித்துக் காலை எடுக்காமல் இருக்க வேண்டும். நம் நாட்டில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதுக் கார்களிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். அந்த அதிர்வைப் பற்றி ஓட்டுநர் பள்ளியில் எத்தனை பேருக்குச் சொல்லித் தருகிறார்கள்?

எவ்வளவு தானியங்கி?

எஸ்.ஏ.இ. அமைப்பு 2014-ல் ஒரு வரிசை வகுத்தது. 0 முதல் 5 வரை ஆறு படிகள். 5 என்றால் எங்கும் எப்போதும் தானே ஓடும் வண்டி. மாமாவின் காரில் இருப்பது 2-ம் படி. அதாவது வேகத்தையும் ஸ்டியரிங்கையும் வண்டி கொஞ்சம் பார்த்துக்கொள்ளும். ஆனால் ரோட்டைப் பார்க்கும் பொறுப்பு முழுக்க ஓட்டுநருடையது. ஆபத்தில் போடும் அந்தத் தானியங்கி பிரேக்கோ, தனியாக எடுத்துக்கொண்டால் 0-வது படியில்தான் வருகிறது! "தானா ஓடும்" என்று ஷோரூமில் காதில் விழுந்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

மணிக்கு 72 கிலோமீட்டர் என்றால் செகண்டுக்கு 20 மீட்டர். ஈர ரோட்டில் வேகக் குறைப்பு 5 மீட்டர்/செகண்ட்² என்று வைத்துக்கொள்வோம். v²/2a சூத்திரப்படி பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் 40 மீட்டர். பார்த்து மிதிக்க ஒரு செகண்ட் ஆனால் இன்னும் 20 மீட்டர். மொத்தம் 60. "வண்டி போட்டுரும்" என்று இன்னொரு செகண்ட் காத்திருந்தால் 80!

அதே ரோட்டில் 54-ல் போயிருந்தால்? செகண்டுக்கு 15 மீட்டர். 15 + 22.5 = 37.5 மீட்டரில் நின்றிருக்கும். ஆக, லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய வசதியைவிட, காலைக் கொஞ்சம் தூக்கியிருந்தால் கிடைத்திருக்கும் பாதுகாப்பு அதிகம்.

வீட்டில் சொல்ல வேண்டியவை

கார் வைத்திருப்பவர்கள் அன்றாடம் செய்யும் சின்னச் சின்னத் தவறுகள் இவை. இவற்றில் பாதியை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

1. ஆயுத பூஜைக்கு அத்தை பம்பர் முழுக்கச் சந்தனம் குங்குமம் வைத்தார். சென்சார் பொட்டுகளின் மேலும்தான்! கார் விடாமல் கத்த, "சகுனம் சரியில்லையே" என்று பயந்தார்கள். துடைத்ததும் சத்தம் நின்றது. சாமி கும்பிடுங்கள், சென்சாரை மட்டும் விட்டுவிட்டுப் பொட்டு வையுங்கள்.

2. பாஸ்டேக், சாமி படம் எதையும் கேமராவை மறைத்து ஒட்டக் கூடாது.

3. கல் பட்டு முன் கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவு திருத்த வேண்டியிருக்கும். கேமரா சிறிதளவு சாய்ந்தாலும் தூரத்தில் பல அடி தவறும். மலிவாகக் கண்ணாடி மட்டும் மாற்றிக்கொண்டு வருவது ஆபத்து.

4. முன்னால் இரும்பு கார்டு போடாதீர்கள். அது ரேடாரையும் ஏர்பேக் சென்சாரையும் குழப்பும். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு இதற்கு எதிராகச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

5. சீட் பெல்ட் சத்தத்தை நிறுத்த ஒரு கிளிப் விற்றார்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதை இணைய விற்பனைத் தளங்களிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டது. ஏர்பேக் என்பது பெல்ட்டுக்குத் துணைதான், பதில் அல்ல.

6. மஞ்சள் விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்திக் கையேட்டைப் பாருங்கள்.

முடிவாக

க்ரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்த ரால்ஃப் டீட்டர் சிறுவயதிலேயே இரு கண் பார்வையும் இழந்தவர். அவர் சாதனம் 1958-ல் கிரைஸ்லர் கார்களில் வந்தது. கண் தெரியாத ஒரு பொறியாளர் கண்டுபிடித்ததைக் கண் தெரிந்த நாம் கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தலாமா?

இந்தக் கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்று ஏ.பி.எஸ். இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. உதவியாளனை உதவியாளனாக வைத்துக்கொள்ள வேண்டும், முதலாளி ஆக்கிவிடக் கூடாது என்கிறேன். அதை வீட்டில் விளக்கிச் சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? விற்பவர் விற்றுவிட்டுப் போய்விடுவார். ஒர்க்‌ஷாப்பில் நாளை அந்த வண்டிக்கு அடியில் படுக்கப் போகிறவர்கள் நாம்.

மாமா இப்போதும் அதே காரில்தான் போகிறார். மழை வந்தால் வேகம் ஐம்பதைத் தாண்டுவதில்லை. போன வாரம் ஒரு புது விளக்கு எரிந்ததாம். ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தார். "மாப்ளே, இது என்ன விளக்குடா?"

எனக்கும் தெரியவில்லை. இந்தத் தடவை வெட்கப்படவில்லை. "தெரியல மாமா. அப்படியே இருங்க, கையேட்டைப் பாத்துச் சொல்லுங்க, சேந்து பாப்போம்" என்றேன். டயரில் காற்று குறைவு என்று கண்டுபிடித்தோம்.



– மூன்றாம் ஆண்டு மாணவன்,
ஆட்டோமொபைல் துறை