பழைய வீட்டுக் கண்ணாடிக்கு வயது என்ன?

நேயர்களே, எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கிற்குக் குவீன்ஸ்டவுனிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கையில் துணியில் சுற்றிய மரச்சட்டம். அதில் பச்சையும் மஞ்சளுமாக நான்கு கண்ணாடிகள். "சிராங்கூன் சாலைப் பக்கம் நாங்கள் இருந்த கடைவீட்டு ஜன்னல் இது. 1970களில் வீட்டை இடித்தபோது அப்பா எடுத்து வைத்தார். இப்போது வீட்டைப் புதுப்பிக்கிறோம். மகன் தூக்கிப் போடச் சொல்கிறான். இதற்கு ஏதாவது மதிப்பு உண்டா தம்பி?" என்று கேட்டார். அன்று அரங்கில் பேசியதன் சுருக்கம் இது.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வண்ணத் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்து, முகம், ஆடை மடிப்பு போன்றவற்றைத் தீட்டிச் சூளையில் சுடுவதுதான் ஸ்டெயின்ட் கிளாஸ். 1904ல் கட்டி முடிக்கப்பட்ட சைம்ஸ் தேவாலயத்தில் அதைப் பார்க்கலாம். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் ஜூல்ஸ் டோபெலேர் செய்தவை அவை. நம் கடைவீடுகளில் பெரும்பாலும் காண்பது வேறு. சாதாரண வண்ணக் கண்ணாடியை மரச்சட்டத்தில் பொருத்தியிருப்பார்கள்.

வயதை அறிய நான்கு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, மேற்பரப்பு. கண்ணாடியைச் சாய்த்து அதில் தெரியும் பிம்பத்தைக் கவனியுங்கள். பிம்பம் நெளிந்தாலோ உள்ளே சிறு குமிழ்கள் தெரிந்தாலோ அது பழைய முறையில் செய்தது. உருக்கிய கண்ணாடியை ஈயக் குழம்பின்மேல் அல்ல, வெள்ளீயக் குழம்பின்மேல் மிதக்கவிட்டுச் செய்யும் முறையைப் பில்கிங்டன் நிறுவனம் 1959ல் அறிவித்தது. சற்றும் நெளியாத ஜன்னல் கண்ணாடி பெரும்பாலும் அதற்குப் பிந்தியது.

இரண்டு, புடைப்பு. ஒரு பக்கம் வழவழப்பும் மறுபக்கம் பூவேலையும் இருந்தால் அது உருளையால் அழுத்திச் செய்தது. இம்முறை 1890களில்தான் பரவியது. ஆகவே அதைவிடப் பழையதாக இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் இன்றும் இப்படிச் செய்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

மூன்று, வடிவம். வளைந்தோடும் கொடியும் மலரும் ஆர்ட் நுவோ பாணி. 1890 முதல் 1910 வரை செல்வாக்குடன் இருந்தது. சூரியக் கதிரும் கோணக் கோடுகளும் ஆர்ட் டெக்கோ.

நான்கு, வீடு. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் வகைப்பாட்டில், அலங்காரம் மிகுந்த பிற்காலப் பாணிக் கடைவீடுகள் 1900க்கும் 1940க்கும் இடைப்பட்டவை. ஆர்ட் டெக்கோ வீடுகள் 1930 முதல் 1960 வரை. ஆனால் உடைந்த கண்ணாடியைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம். எனவே சட்டத்தில் உள்ள மக்கும் சாயமும் பழையவையா என்று பாருங்கள்.

"பழைய கண்ணாடி மெல்ல வழிந்து அடிப்பக்கம் தடித்துவிடும்" என்று ஒருவர் சொன்னார். அது தவறு. அக்காலத்தில் கண்ணாடி ஒரே கனத்தில் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்த அம்மாவின் சட்டத்திற்கு வருவோம். கண்ணாடியில் பூவேலைப் புடைப்பு. ஆகவே 1890களுக்குப் பிந்தியது. மரத்தில் சூரியக் கதிர். ஆகவே ஆர்ட் டெக்கோ. இறுகிய மக்கு கலையவில்லை. ஆகவே பெரும்பாலும் முதலில் பொருத்திய கண்ணாடியே. 1930களோ அதற்குச் சற்றுப் பிந்தியோ இருக்கலாம். குவீன்ஸ்டவுன் அடுக்குமாடிகள் எழுந்ததே 1950களில்தான். அவர் குடியிருக்கும் பேட்டையைவிட இந்தச் சட்டம் மூத்ததாக இருக்கக்கூடும்!

"விலைக்குப் பெரிதாகப் போகாதம்மா" என்ற உண்மையையும் சொன்னேன். "விற்கவா கேட்டேன்? மகனிடம் சொல்ல ஒரு காரணம் வேண்டும்" என்றார். அரங்கம் கைதட்டியது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்தால், கழற்றுமுன் படம் எடுத்துவையுங்கள். பழைய சாயத்தில் ஈயம் இருக்கலாம், சுரண்டாதீர்கள். பாதுகாக்கப்பட்ட கட்டடமானால் ஆணையத்திடம் கேட்காமல் கை வைக்காதீர்கள். டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்குப் போகும்போது கூரையையும் அண்ணாந்து பாருங்கள். காலை, மாலை வெயிலை வாங்கும்படி அமைந்த 48 கண்ணாடிப் பலகைகள் அங்கே இருக்கின்றன.