கிரான்பெர்ரி: விற்கலாம், வைத்தியம் சொல்லலாமா?



பாதாம், பிஸ்தா, அத்திப்பழம் இருக்கும் அலமாரியில் இப்போது கிரான்பெர்ரி என்ற சிவப்பு நிற உலர்பழமும் இடம் பிடித்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு இதற்கான இறக்குமதி வரியைக் குறைக்க நம் நாடு அமெரிக்காவுடன் ஒப்புக்கொண்டது. சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் அதைப் பற்றி நாம் வாடிக்கையாளரிடம் சொல்லும் வார்த்தையில் கவனம் வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

என்னிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்கடைத் தம்பி ஒருவர், "அண்ணாச்சி, இது எதுக்கு நல்லது?" என்று கேட்டார். எங்கோ காதில் விழுந்ததை வைத்துக்கொண்டு, "நீர்க்கடுப்புக்குக் கைகண்ட மருந்துப்பா" என்று சொல்லிவிட்டேன். அவர் அதை அப்படியே ஒரு அம்மாவிடம் சொல்லி விற்றிருக்கிறார். அந்த அம்மாவுக்கோ சர்க்கரை நோய். டாக்டரிடம் போகாமல் ஒரு வாரம் இதையே சாப்பிட்டிருக்கிறார். குளிர்க்காய்ச்சலும் விலாவில் வலியும் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டதாம். நல்லவேளை, குணமாகி வீடு திரும்பினார். "நீங்க சொன்னதைத்தானே அண்ணாச்சி நானும் சொன்னேன்" என்று தம்பி சொன்னபோது எனக்கு வாயடைத்துப் போயிற்று. அதன் பிறகு விசாரித்தும் படித்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

பழம் பிறந்த இடம்

கிரான்பெர்ரி வட அமெரிக்காவின் சதுப்பு நிலங்களில் படரும் கொடியின் பழம். அங்குள்ள பூர்வகுடி மக்கள் இதை உணவாகவும், புண்ணுக்குப் பற்றாகவும், துணிக்குச் சாயமாகவும் பயன்படுத்தி வந்தார்கள். 1816இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹென்றி ஹால் என்பவர், காற்றில் மணல் வந்து மூடிய இடத்தில் கொடி செழிப்பதைக் கவனித்துப் பயிரிடத் தொடங்கினார். இன்று அமெரிக்க விளைச்சலில் பாதிக்கு மேல் விஸ்கான்சின் மாநிலத்தில் விளைகிறது. பழத்துக்குள் காற்றறைகள் உண்டு. அதனால் அறுவடையின்போது வயலில் தண்ணீரைத் தேக்குவார்கள்; பழம் மேலே மிதக்கும்; வாரி எடுத்துவிடுவார்கள்.

எப்படி வேலை செய்கிறது?

சிறுநீர்த் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் இ.கோலி என்ற கிருமி. அது சிறுநீர்ப் பாதையின் சுவரில் ஒட்டிக்கொண்டுதான் பெருகும். கிரான்பெர்ரியில் உள்ள ஒருவகைத் துவர்ப்புச் சத்து அதை ஒட்டவிடாமல் தடுக்கிறது. இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். ஒட்டவிடாமல் தடுப்பது வேறு, ஒட்டிப் பெருகிவிட்ட கிருமியைக் கொல்வது வேறு. இரண்டாவது வேலைக்கு டாக்டர் தரும் மருந்துதான் வேண்டும்.

2023இல் கோக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 50 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. அடிக்கடி தொற்று வரும் பெண்களுக்கு, மறுபடி வரும் வாய்ப்பு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது. குழந்தைகளுக்குப் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் கர்ப்பிணிகளுக்கும், முதியோர் இல்லங்களில் இருப்பவர்களுக்கும், சிறுநீர் முழுவதும் இறங்காத கோளாறு உள்ளவர்களுக்கும் சொல்லும்படியான பலன் தெரியவில்லை.

நம் டப்பாவில் இருப்பது என்ன?

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020இல், மறுபடி தொற்று வராமல் தடுக்க உதவலாம் என்று லேபிளில் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தது. அதிலும் ஆதாரம் குறைவு என்று சேர்த்தே எழுத வேண்டும். அந்த அனுமதி குறிப்பிட்ட அளவு சாறுள்ள பானத்துக்கும், பழப்பொடி அடங்கிய மாத்திரைக்கும்தான். நாம் விற்கும் உலர்பழத்துக்குக் கிடையாது.

காரணம் இருக்கிறது. பச்சைப் பழம் புளிப்பும் துவர்ப்பும் மிகுந்தது; அப்படியே தின்ன முடியாது. அதனால் பல ஆலைகளில் முதலில் சாற்றைப் பிழிந்துகொண்டு, மீதிப் பழத்தில் சர்க்கரைப் பாகை ஏற்றி உலர்த்துகிறார்கள். 100 கிராம் உலர்பழத்தில் 70 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கும். பச்சைப் பழத்திலோ 4 கிராம்தான். சர்க்கரை நோயுள்ள அந்த அம்மாவுக்கு நாங்கள் மருந்து என்று கொடுத்தது இதைத்தான். இன்று நினைத்தாலும் மனம் கூசுகிறது.

இன்னொரு விஷயம். நம் ஊர்க் களாக்காயைச் சிலர் "இந்தியக் கிரான்பெர்ரி" என்று விற்கிறார்கள். அது வேறு குடும்பத்துச் செடி. களாக்காய்க்குத் தனிச் சிறப்பு உண்டு, ஊறுகாய்க்கு அருமையானது. ஆனால் கிரான்பெர்ரியின் பலனை அதன் தலையில் ஏற்றக் கூடாது. கொள்முதல் செய்யும்போது லேபிளைப் படித்து, எந்தப் பழம் என்று பார்த்து வாங்குங்கள்.

சட்டமும் உண்டு

நோயைத் தீர்க்கும் என்று சொல்லி உணவுப் பொருளை விளம்பரம் செய்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் தடுக்கின்றன. தவறான விளம்பரத்துக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. கடை வாசலில் "சிறுநீரகத்துக்கு மருந்து" என்று அட்டை எழுதித் தொங்கவிடும் முன் இதை எண்ணிப் பாருங்கள்.

வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியவை

1. இது சுவையான உலர்பழம். கேக், பாயசம், சாலட்டில் போடலாம்.

2. சர்க்கரை சேர்த்தது. சர்க்கரை நோயாளிகள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடவும்.

3. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

4. நீர்க்கடுப்போடு காய்ச்சல், குளிர், இடுப்பு அல்லது விலா வலி, சிறுநீரில் ரத்தம் என்றால் உடனே டாக்டரிடம் போகச் சொல்லுங்கள். அன்று நூறு கிராம் வியாபாரம் குறைந்தால் குறையட்டும்.

மொத்த வியாபாரிக்கு ஒரு வார்த்தை. நாம் போகிறபோக்கில் சொல்வது பத்துக் கடைகளுக்குப் போகிறது; அங்கிருந்து நூறு வீடுகளுக்குப் போகிறது. கெட்ட சரக்கென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்; வாயிலிருந்து போன சொல்லைத் திரும்ப எடுக்க வழியில்லை. இப்போது அந்தத் தம்பி "எதுக்கு நல்லது அண்ணாச்சி?" என்று கேட்டால், "தின்ன நல்லா இருக்கும்பா. வியாதிக்கு டாக்டர் இருக்கார்" என்றுதான் சொல்கிறேன். அந்த அம்மா இன்றும் அவர் கடையில்தான் சாமான் வாங்குகிறார்.