எவருடைய அறிவு ஏட்டில் ஏறுகிறது?

மருத்துவ மாணவன் பாடநூலை விரிக்கிறான். அதிலுள்ள ஒவ்வொரு வரியும் எங்கோ ஒருவர் ஆராய்ந்து, மற்றொருவர் ஏற்றுக்கொண்டதால் அச்சேறியது. எவர் ஆராய்ந்தால் உலகம் ஏற்கும் என்று அவன் கேட்பதில்லை. வாந்திபேதியின் வரலாறு அக்கேள்வியை நம்முன் வைக்கிறது.

உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதாலேயே வாந்திபேதி நோயாளி மடிகிறான். அவற்றை இரத்தக் குழாய் வழியே செலுத்துவதே முறை என்று கற்பிக்கப்பட்டு வந்தது. 1953-ஆம் ஆண்டில் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி, நோய் கடுமையாகாத 186 பேருக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணங்கண்டதை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். மேலை மருத்துவ உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லை, அளவுக் கணக்கும் போதாது என்பவை உண்மையான குறைகளே. ஆயினும் குறையுள்ள செய்தியைச் சோதித்துப் பார்த்திருக்கலாம் அல்லவா?

குளுக்கோஸ் துணையிருந்தால் குடல் உப்பையும் நீரையும் உறிஞ்சும் என்பது பிற்பாடு ஆய்வுக்கூடங்களில் தெளிவாயிற்று. 1968-இல் டாக்காவில் நடந்த சோதனை வாய்வழிச் சிகிச்சையின் பயனை நாட்டியது. 1971-இல் வங்க அகதிகள் குவிந்த பன்காவ் முகாமில் நரம்பு வழிச் செலுத்தும் நீர் தீர்ந்துபோகும் நிலை வந்தது. மருத்துவர் திலீப் மஹாலனாபிஸ் உப்பு நீரைப் பீப்பாய்களில் கலந்து வைக்க, உறவினர்களே நோயாளிகளுக்குப் புகட்டினர். நூற்றுக்கு இருபது, முப்பது என்றிருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கிற்று. 1978-இல் அதே 'லான்செட்' இதழ் இம்முறையை நூற்றாண்டின் தலைசிறந்த மருத்துவ முன்னேற்றமாகக் கூடுமென்று போற்றியது.

இடைப்பட்ட ஆண்டுகளில் மாண்டவர்களை யார் கணக்கிடுவது?

இன்று மருத்துவக் கல்வியைப்பற்றியே உலகெங்கும் ஆராய்ச்சி நடைபெறுகிறது. எதை ஆராய்வது, எம்மொழியில் எழுதுவது, எதை அச்சிடுவது என்னும் முடிவுகள் பெரும்பாலும் செல்வ நாடுகளிலேயே அமைகின்றன. ஏழை நாட்டு ஆசிரியர் தரவு திரட்டித் தருபவராக நின்றுவிடுகிறார். கேள்வி எழுப்புபவராக மதிக்கப்படுவது அரிது.

நீதி வேண்டும் என்பதன் பொருள் சோதனையைத் தளர்த்துவதன்று. நோயாளியின் அருகிலிருப்பவர் கண்டதைச் சோதிக்கக் கருவியும் பணமும் அவருக்கே கிடைக்கச் செய்வது. அவர் சொல்வதைச் சொன்ன ஊரைக் கொண்டு எடைபோடாதிருப்பது. கிண்ணத்தில் உப்பு நீர் ஏந்திய அகதித் தாய் நமக்குப் புகட்டிய பாடம் அதுவே.