கீமோ முடிந்து வீடு திரும்பியவரை எப்படிப் பார்த்துக்கொள்வது?

கேமரன் மலை - பள்ளி விடுமுறையில் கியா பார்ம் சந்தையைத் தாண்டிப் பிரிஞ்சாங் போக முயன்றவர்களுக்குத் தெரியும், கார் நகரவே நகராது. வீட்டில் கீமோதெரபி எடுப்பவர் இருந்தால் இந்த நெரிசலையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கீமோ மருந்து வெள்ளை இரத்த அணுக்களையும் குறைத்துவிடுகிறது. பொதுவாக, மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களில் அவை மிகவும் இறங்கியிருக்கும். அப்போது தெர்மாமீட்டர் 38 டிகிரி காட்டினால், பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே தானா ராத்தா மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கீமோ எடுப்பவர் என்பதை முதலில் சொல்லுங்கள். உடல் நடுங்கினால் மலைக்குளிர் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போதாது.

அடுத்தது கை. மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் அக்குள் நிணநீர்க் கணுக்களை அகற்றியவர்களுக்கு அந்தப் பக்கக் கை வீங்கலாம், சில ஆண்டுகள் கழித்தும்கூட. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு இது பிழைப்புப் பிரச்சினை. பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள்பட்டை இறுகிவிடும். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியோடு பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். செடி கீறினால் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து சூடேறினால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

சொக்சோ சந்தாதாரர்களுக்கு, வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் 2007 முதல் உண்டு. திரும்பவே முடியாதவர்கள் இயலாமை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம். சந்தா கட்டிய மாதங்களைப் பார்ப்பார்கள் என்பதால், தோட்ட அலுவலகத்தில் அந்தக் கணக்கை முதலில் கேட்டு வாங்குங்கள்.