கல்லில் பதிந்த இலைகள்

திருவள்ளூர் என்றதும் நம்மவர்க்கு வீரராகவப் பெருமாளும் அமாவாசைத் தீர்த்தமும் நினைவுக்கு வரும். ஸ்ரீபெரும்புதூர் என்றாலோ, அது உடையவரின் அவதார ஸ்தலம். ஆனால் இந்த க்ஷேத்திரங்களைச் சுற்றியுள்ள பூமியில் இவற்றைவிட எத்தனையோ பழமையான சரித்திரம் ஒன்று புதைந்து கிடக்கிறது. அங்குள்ள களிப்பாறையைப் பிளந்தால், சிற்சில இடங்களில் இலைகளின் உருவம் அப்படியே அச்சுப் பதிந்தாற்போல் காணப்படும். சுமார் 12 கோடி வருஷங்களுக்கு முன் உதிர்ந்த இலைகள் அவை! கடல்வாழ் பிராணிகளின் சுவடுகளும் அவற்றோடு அகப்படுவதால், அந்நாளில் கடல் இதுவரையில் வந்திருந்தது என்றும் ஏற்படுகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ராபர்ட் புரூஸ் பூட் என்னும் பூகர்ப்ப சாஸ்திரி இப்படுகைகளை ஆராய்ந்தார். 1879-இல் பைஸ்ட்மான்டல் என்பவர் அந்த இலைகளை வர்ணித்து எழுதினார். ஆயினும், இலைக்குப் பெயர் சூட்டுவது வேறு. அது எந்த மரத்தில், எத்தகைய வெயிலிலும் மழையிலும் தழைத்தது என்று கண்டு சொல்வது வேறு. இந்த இரண்டாவது காரியத்திற்கே தமது ஆயுளை அர்ப்பணம் செய்தவர் பேராசிரியர் பீர்பல் ஸாஹ்னி.

1891-ஆம் வருஷம் நவம்பர் 14-ஆம் தேதி, பஞ்சாபைச் சேர்ந்த பேரா என்னும் ஊரில் அவர் பிறந்தார். கேம்பிரிட்ஜில் ஸீவர்ட் என்ற பேராசிரியரிடம் பயின்று, அவருடன் சேர்ந்து இந்தியாவின் கல்லுருத் தாவரங்களைப் பற்றி 1920-இல் ஒரு நூல் வெளியிட்டார். 1921-இல் லக்னோ ஸர்வகலாசாலையில் தாவர சாஸ்திரப் பேராசிரியரானார்.

திருவள்ளூர்ப் பக்கத்துப் பாறைகளில் பறவையின் இறகைப் போன்ற ஓர் இலை உண்டு. 'டைலோபில்லம்' என்பது அதன் பெயர். அவ்வகை இலை ராஜ்மஹால் மலைகளிலும் கிடைக்கிறது. அங்கே இலை ஒரு பெயருடனும், தண்டு ஒரு பெயருடனும், பூ மற்றொரு பெயருடனும் தனித்தனியே கிடந்தன. அவை மூன்றும் ஒரே செடியின் அங்கங்களே என்று 1932-இல் ஸாஹ்னி நிரூபித்து, அச்செடியின் முழு உருவத்தையும் சித்திரித்துக் காட்டினார். அதற்கு இட்ட பெயரிலே தம் ஆசானாகிய ஸீவர்ட்டின் பெயரையும் சேர்த்தது அவருடைய குருபக்திக்கு அடையாளம்.

கல்லைக் கொண்டு சீதோஷ்ணத்தை அறிவது எங்ஙனம்? மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா ஜில்லாவில், எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகளுக்கு நடுவே 'நீப்பா' என்னும் பனையின் காய்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நீப்பாவோ, உஷ்ணப் பிரதேசங்களில் உப்பங்கழி ஓரத்துச் சேற்றிலே வளர்வது. ஆகவே, இன்று கடலுக்கு நெடுந்தூரத்தில் உள்ள அந்தப் பூமியில் ஒரு காலத்தில் கழிமுகம் இருந்தது என்று ஸாஹ்னி முடிவு செய்தார். ஒரு காயைச் சாட்சியாக வைத்துக் கடலையே கண்டுபிடித்துவிட்டார்! மனிதன் தோன்றிய பின்னரும் ஹிமாலயம் உயர்ந்துகொண்டிருந்தது என்று 1936-இல் அவர் வாதித்தார். அதே வருஷத்தில் லண்டன் ராயல் ஸொஸைடி அவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது.

இந்த ஆராய்ச்சிக்கென்றே ஒரு ஸ்தாபனம் வேண்டும் என்பது அவருடைய கனவு. 1949 ஏப்ரல் 3-ஆம் தேதி பண்டித ஜவாஹர்லால் நேரு லக்னோவில் அதற்கு அஸ்திவாரக் கல் நாட்டினார். கல்லுருக்கள் பதித்த கல் அது. ஒரே வாரத்தில், ஏப்ரல் 10-ஆம் தேதி, ஸாஹ்னி காலமானார். அவருடைய மனைவி ஸ்ரீமதி ஸாவித்திரி ஸாஹ்னி துயரத்தை அடக்கிக்கொண்டு அப்பணியை ஏற்று நடத்தினார். 1953-இல் கட்டடம் திறக்கப்பட்டது. அவர் பெயர் தாங்கிய அந்த ஸ்தாபனம் இன்றும் பூர்வகால சீதோஷ்ண நிலையை ஆராய்ந்து வருகிறது.

இன்று ஸ்ரீபெரும்புதூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்சாலைகள் நிறைந்திருக்கின்றன. தொழில் வளர வேண்டியதுதான். ஆனால் கட்டடத்துக்காகத் தோண்டும் மண்ணில் ஓர் இலைச் சுவடு வெளிப்பட்டால், அதைக் கூடையோடு கொட்டிவிடாமல் எடுத்து வைக்கும் கண்ணும் நமக்கு வேண்டும். ஏட்டுச் சுவடி அழிந்தால் பிரதி இருக்கலாம். இந்தக் கற்சுவடிக்குப் பிரதி கிடையாது.